நாற்பத்திரண்டு சுற்று

மழை ஓயாத ஊர்தான் வேண்டும் என்று யாரும் ஓய்வுக்காலத்துக்கு ஊர் தேடுவதில்லை. பம்ப்காரரும் தேடவில்லை. குடிநீர் வாரிய ஓய்வூதியர் சங்கத்தின் மாத இதழில், கடைசிப் பக்கத்தில், மூட்டுவலித் தைலத்துக்கும் பல்செட்டுக்கும் நடுவில் ஒரு விளம்பரம் வந்தது. 'உங்கள் பென்ஷன் இங்கே இரண்டு மடங்கு' என்று போட்டு, ஒரு மலையையும் ஒரு மாடிக் கட்டடத்தையும் படமாகப் போட்டிருந்தார்கள். மழையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடல் தாண்டி வந்து இறங்கிய அன்று பிடித்த மழை ஒன்பது நாள் விடவில்லை. போர்வை, துண்டு, உப்பு எல்லாம் ஈரம்.

"பென்ஷன் மட்டுமில்ல, துணி காயற நேரமும் இங்க ரெண்டு மடங்கு" என்றாள் டீச்சர்.

டீச்சர் அவர் மனைவி. தனியார் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு இருபத்தாறு வருஷம் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள். விடைபெறும் நாளில் பள்ளிக்கூடம் அவளுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது. பென்ஷன் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து புருஷனே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். பிள்ளை இல்லை. ஆக, இரண்டு பேருக்கும் சோறு போட்டது பம்ப்காரரின் முப்பத்துநாலு வருஷச் சர்வீஸ்தான்.

எல்லாரிடமும் மலிவு, மலிவு என்று சொல்லிக்கொண்டுதான் அவர் கிளம்பினார். மலிவு உண்மைதான். ஆனால் மலிவுக்காக மட்டும் ஒரு மனுஷன் அறுபது வயதுக்கு மேல் பாஷை தெரியாத ஊருக்கு ஓடமாட்டான்.

வந்து சேர்ந்த மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு, சமையலறை மூலையில் ஏறுகிற குழாயில் தட்டுச் சத்தம் கேட்டது. முதலில் படபடவென்று நிறைய. கொஞ்சம் இடைவெளி. பிறகு நிதானமாக மூன்று. பம்ப்காரர் கையில் சோற்றோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பழைய ஊர் வீட்டிலும் இதே நேரத்துக்கு இதே சத்தம் வரும். அங்கே இரண்டு பத்து என்றால் இங்கே நாலு நாற்பது. தூரம் போனால் விட்டுவிடும், விடாவிட்டாலும் நேரமாவது குழம்பும் என்று அவர் நினைத்திருந்தார். பேய்க்கும் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்ளத் தெரிந்திருந்தது.

"டீச்சர், குழாய் தட்டுதா?"

"இல்லையே. மழைதான் தட்டுது."

குழாய் ரிப்பேர்காரன் ஒருவனைக் கூப்பிட்டு வந்தார்கள். அவன் காதை வைத்துக் கேட்டான், ஸ்பேனரால் இரண்டு இடத்தில் தட்டினான், கையை விரித்தான். போகும்போது டீச்சரைப் பார்த்துத் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினான். பாஷை தெரியாவிட்டாலும் அது புரிந்தது. முப்பத்துநாலு வருஷம் குழாய்ச் சத்தத்தைக் கேட்டே சம்பளம் வாங்கியவருக்கு இந்த அவமானம் வேண்டியதுதான்.

இப்படி நாலு வருஷம். சாப்பாடு எவ்வளவு தாமதமானாலும் இரண்டு மணிக்குள் முடித்துக்கொண்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிடுவார். டீச்சர் இதற்கு வயது என்று பெயர் வைத்திருந்தாள்.

வெளிநாட்டில் இருக்கிற பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதாகச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். அதற்குத் தலைநகரத்துத் தூதரகம் போக வேண்டும், பஸ்ஸில் ஆறு மணி நேரம். மூன்று தடவை போய்வந்தார். நாலாவது வருஷம், போகவேண்டிய மாதத்தில், மாடிப்படி ஈரத்தில் வழுக்கி இடது காலை உடைத்துக்கொண்டார். தொடைவரை மாவுக்கட்டு.

"இந்த மாசக் கடைசிக்குள்ள போய்ச் சேரணும்" என்றாள் டீச்சர், படிவத்தை மூக்குக்கண்ணாடிக்கு அருகில் பிடித்துக்கொண்டு. "இல்லைன்னா அடுத்த மாசத்திலேருந்து நிறுத்திடுவாங்களாம்."

"நான் உயிரோட இருக்கேனான்னு அவனுங்களுக்கு என்ன சந்தேகம்?"

"எனக்கே சில நாள் சந்தேகம்தான். ரெண்டு மணிக்கு மேல நீங்க உக்காந்திருக்கற லட்சணத்துக்கு, மூச்சு வருதான்னு பாத்துட்டுத்தான் நான் அந்தப் பக்கம் போறேன்."

"பஸ்ல போயிடலாம். காலை நீட்டிட்டு..."

"யாரு மடியில நீட்டுவீங்க? சும்மா இருங்க. கீழ பொடி எழுத்துல ஏதோ இருக்கு." டீச்சர் வாய்விட்டுப் படித்தாள். தூதரக அதிகாரி, அல்லது அதே வாரியத்தில் ஓய்வூதியமோ குடும்ப ஓய்வூதியமோ பெறுபவரும், விண்ணப்பதாரரை நேரில் அறிந்தவருமான ஒருவர் கையெழுத்திட்டால் போதும். "பாத்தீங்களா. நம்ம வாரியத்து ஆள் ஒருத்தர் கெடைச்சா வேலை முடிஞ்சுது."

"இந்தக் காட்டில யாரு கெடைப்பா?"

கிடைத்தாள். மறுநாள் காலை ரொட்டி வாங்கப் போன டீச்சர், இரண்டு தெரு தள்ளி ஒரு விடுதியின் பின்கட்டில், கொடியில் தொங்கிய படுக்கை விரிப்புகளை உருவியபடி ஒரு பெண் மழையைத் திட்டுவதைக் கேட்டாள். நல்ல தமிழில், மழையின் பிறப்பு வளர்ப்பு எல்லாவற்றையும் இழுத்துத் திட்டினாள். டீச்சருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. குடையைக்கூட விரிக்காமல் ஓடினாள். ரொட்டி நனைந்த பிறகுதான் வீடு வந்தாள்.

"இஸ்திரி போடற அம்மாங்க. அந்த விடுதி விரிப்பு மொத்தமும் அவதான். வந்து எட்டு மாசந்தான் ஆகுதாம். அதே விளம்பரத்தைப் பாத்துட்டு வந்திருக்கா. புருஷன் நம்ம வாரியம். வேலையில இருக்கும்போதே போயிட்டாராம். மேல கேளுங்க, எந்த ஸ்டேஷன்னு நெனைக்கறீங்க?"

பம்ப்காரருக்குத் தெரிந்துவிட்டது.

"மூணாவது பம்ப் ஹவுஸ். உங்க பேரைச் சொன்னதும் அழுதுட்டா. அண்ணன் இங்கயா இருக்காருன்னு கேட்டா. பூனை, பூனைன்னு சொல்வீங்களே, அவரோட சம்சாரம்."

"கால் வலிக்குது டீச்சர்" என்றார் பம்ப்காரர்.

பூனை என்பது பம்ப் ஹவுஸ் வைத்த பெயர். இடுப்பு அகலமுள்ள குழாய்க்குள் சத்தமில்லாமல் நுழைந்து, உள்ளே படிந்த வண்டலைச் சுரண்டிவிட்டு, சத்தமில்லாமல் வெளியே வந்துவிடுவான். குழாய்க்குள் இறங்குகிறவன் தன் நம்பர் அடித்த பித்தளை டோக்கனை அந்தக் குழாயின் வால்வுச் சக்கரத்தில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். டோக்கன் தொங்குகிற சக்கரத்தை யாரும் தொடக்கூடாது. வெளியே வந்ததும் டோக்கனை எடுத்து வாசல் பலகையில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். பலகையில் டோக்கன் இல்லாவிட்டால் அரைநாள் சம்பளம் போச்சு. பூனைக்கு வாரத்தில் மூன்று நாள் மறந்துவிடும், சக்கரத்தில் டோக்கனை விட்டுவிட்டுச் சைக்கிளில் பறந்துவிடுவான். அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர்கள் அதை எடுத்துப் பலகையில் மாட்டிவிடுவார்கள். சட்டத்தில் இல்லாத உபகாரம் அது. அங்கே எல்லாரும் எல்லாருக்கும் செய்தார்கள்.

இருபத்துமூன்று வருஷம் முன்னால் ஒருநாள், மத்தியானம் இரண்டு பத்துக்குப் பம்ப்காரர் ஷிப்டுக்கு வந்தார். காலை ஷிப்டு கிளம்பியாகிவிட்டது. சக்கரத்தில் பூனையின் டோக்கன் தொங்கியது. 'இன்னிக்கும் மறந்துட்டான் கழுதை' என்று சிரித்துக்கொண்டே எடுத்துப் பலகையில் மாட்டினார். குழாய் வாய் திறந்திருக்கிற குழிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. ஊருக்குத் தண்ணீர் விடவேண்டிய நேரம். வால்வு முழுக்கத் திறக்க நாற்பத்திரண்டு சுற்று. திறந்தார்.

பூனை வீட்டுக்குப் போயிருக்கவில்லை. மிச்ச வண்டலையும் இன்றைக்கே முடித்துவிடலாம் என்று உள்ளேயே இருந்தான்.

விசாரணையில் அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: 'டோக்கன் எங்கே இருந்தது?' பலகையில் இருந்தது ஐயா என்றார் பம்ப்காரர். கேட்டதற்குச் சரியான பதில். அறிக்கையில், டோக்கன் மாட்டாமல் இறங்கிய தொழிலாளியின் சொந்த அஜாக்கிரதை என்று எழுதினார்கள். பெண்டாட்டிக்கு வேலை இல்லை, நஷ்டஈடு இல்லை, குடும்பப் பென்ஷன் பாதி. சத்தம் கேட்டவுடன் வால்வை மூடிய சமயோசிதத்துக்காகப் பம்ப்காரருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. டீச்சர் அதற்குக் கண்ணாடி போட்டு மாட்டினாள்.

அந்தக் கடிதத்துக்குப் பின்னால் இருந்த கதை டீச்சருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் படிவமும் தேதியும்.

"வலிச்சா வலிக்கட்டும், ரெண்டு தெருதான். இல்ல, நான் போய் அந்தம்மாவை இங்கயே கூட்டிட்டு வரவா? மத்தியானம் வேலை இருக்காதாம்."

"வேணாம்" என்றார் அவசரமாக. இரண்டு மணிக்கு அவளை அந்தச் சமையலறையில் உட்கார வைக்க அவருக்குத் தைரியமில்லை. "நானே வர்றேன்."

மாடிப்படியை ஒவ்வொரு படியாக உட்கார்ந்தே இறங்கினார். டீச்சர் முன்னால் நின்று மாவுக்கட்டைத் தாங்கிக்கொண்டாள். தெருவில் தூறல். குடை முழுவதையும் மாவுக்கட்டுக்குப் பிடித்ததில் இரண்டு பேர் தலையும் நனைந்தது. போகிற வழியெல்லாம் டீச்சர் அந்த அம்மாவின் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"பாதிப் பென்ஷன்தானாம் பாவம். அங்க அது வாடகைக்கே பத்தலையாம். இங்க வந்தா பாதி முழுசாகும்னு கணக்குப் போட்டு வந்திருக்கா. அப்படியும் இந்த வயசுல நின்னு இஸ்திரி போடறா. உங்களுக்கு நல்லாத் தெரியுமில்ல அந்தப் பூனையை?"

"தெரியும்."

"வாயைத் தொறந்தா முத்து கொட்டிடும் உங்களுக்கு."

இஸ்திரிக்காரம்மாவின் அறை விடுதியின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஒரு கட்டில், ஒரு நீள மேஜை, மேஜையின் மேல் கம்பளியை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் வெள்ளைத் துணி. இந்தப் பக்கம் ஈர விரிப்புகள் மலையாகக் கிடந்தன, அந்தப் பக்கம் மடித்தவை மூலைக்கு மூலை சரியாக அடுக்கியிருந்தன. ஆவி வாசனை. ஊரிலேயே உலர்ந்த அறை அதுதான் என்று தோன்றியது. ஐம்பத்தைந்து வயது இருக்கும் அவளுக்கு. வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"வாங்கண்ணே." நாற்காலியை இழுத்துப் போட்டாள், மாவுக்கட்டை நீட்டிக்கொள்ள ஒரு ஸ்டூலும் வைத்தாள். "எப்படி எளைச்சுட்டீங்க. அன்னிக்கு நீங்கதானே முன்னால நின்னு தூக்கினீங்க. வாரியத்திலேருந்து வந்தவங்க எல்லாரும் வாசலோட நின்னுட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் சுடுகாடு வரைக்கும் வந்தீங்க."

பம்ப்காரர் தரையைப் பார்த்தார்.

"டீ குடிங்க மொதல்ல. ரெண்டு முட்டை அவிக்கறேன்."

"ஒண்ணும் வேணாம் தங்கச்சி."

"அவரு அப்படித்தான், நீங்க அவிங்க" என்றாள் டீச்சர். அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாலு வருஷத்தில் முதல் தடவையாக இன்னொரு பெண்ணோடு தன் பாஷையில் பேசுகிறாள். அரிசி விலையில் ஆரம்பித்து, விடுதிக்காரியின் கஞ்சத்தனம், இந்த ஊர் உப்பில் ருசி இல்லாதது என்று பேச்சு எங்கெங்கோ போனது. இஸ்திரிக்காரம்மா பேசிக்கொண்டே விரிப்பில் தண்ணீர் தெளித்தாள், இஸ்திரிப்பெட்டியை ஓட்டினாள், அவளையறியாமல் விரிப்பு மடிந்து அடுக்கில் போய் உட்கார்ந்தது.

கடைசியில் டீச்சர் படிவத்தை எடுத்து நீட்டினாள்.

"எத்தனை வருஷமாத் தெரியும்னு போட்டிருக்காங்களே" என்றாள் இஸ்திரிக்காரம்மா. "அவரு போய் இருபத்து மூணு. அதுக்கு முன்னாடி ஒரு ஆறு வருஷம். இருபத்தொம்பதுன்னு போடவா?" பேனாவை எடுத்தவள் நிமிர்ந்தாள். "அண்ணே, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. எல்லார்கிட்டயும் கேட்டாச்சு, உங்ககிட்ட மட்டும் கேக்க மனசு வரல. அவரு டோக்கன் மாட்டாம எறங்குவாரா?"

பேனா மூடியைத் திறந்து மறுபடி மூடினாள்.

"மறதிக்காரருதான். இல்லேன்னு சொல்லல. ஆனா அவரு மறக்கறது வெளிய வந்தப்புறம். வெளிய வந்தவனுக்கு வீட்டு ஞாபகம். உள்ள எறங்கறவனுக்கு உயிர்ப் பயம் இருக்குமில்ல? அது எப்படி மறக்கும்? பதினோரு மனு போட்டேன். எல்லாத்துக்கும் அதே பதில். சொந்த அஜாக்கிரதை. எம் பொண்ணு கல்யாணத்தப்ப சம்பந்தி வீட்டுல கேட்டாங்க, அப்பா எப்படி எறந்தாருன்னு. அவ அந்த வார்த்தையையே சொன்னா. பாதிப் பணத்தை விடுங்க. அந்த வார்த்தைதான்."

டீச்சர் புருஷனைப் பார்த்தாள். அவர் முகம் அவள் பார்த்த முகமாக இல்லை.

"கையெழுத்துப் போடாத தங்கச்சி" என்றார் பம்ப்காரர். "டோக்கன் சக்கரத்துலதான் இருந்துச்சு. நான்தான் எடுத்துப் பலகையில மாட்டினேன். வழக்கம்போல மறந்துட்டான்னு நெனச்சேன்."

இஸ்திரிக்காரம்மா பேனாவை மேஜையில் வைத்தாள். சுவர் அருகே போய்ப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். திரும்பி வந்து நின்றாள். கத்தவில்லை, அழவில்லை.

"தட்டினாரா?"

பம்ப்காரர் மாவுக்கட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார்.

"குழாய்க்குள்ள மாட்டிக்கிட்டா சுரண்டியால தட்டுவோம், வெளிய கேக்கும், பயப்படாதேன்னு எங்கிட்டச் சொல்லியிருக்காரு. தட்டினாரா இல்லையா?"

"தட்டினான்."

"எத்தனை தரம்?"

"மொதல்ல நெறைய. படபடன்னு. காலிக் குழாய்ல தண்ணி ஏறும்போது காத்து அப்படித்தான் தட்டும். காத்துன்னு நெனச்சு சுத்திக்கிட்டே இருந்தேன். கடைசிச் சுத்து முடியும்போது மூணு தட்டு. நிதானமா. ஒண்ணு, ரெண்டு, மூணு. காத்துக்கு எண்ணத் தெரியாது தங்கச்சி." அவர் கைகள் காற்றில் இல்லாத சக்கரத்தைப் பிடித்தன. "அப்பத்தான் மூட ஆரம்பிச்சேன். தொறக்க நாப்பத்திரண்டு சுத்து. மூடவும் நாப்பத்திரண்டு சுத்து. குறைக்க வழியே இல்ல. எவ்வளவு வேகமாச் சுத்தினாலும்..."

முடிக்க முடியாமல் அழுதார். அறுபத்துநாலு வயது ஆள், காலை நீட்டிக்கொண்டு, முகத்தை மூடக்கூடத் தோன்றாமல் அழுதார். டீச்சர் அவர் தோளைத் தொடவில்லை. வீட்டுச் சுவரில் அவள் கண்ணாடி போட்டு மாட்டி, நாடு விட்டு நாடு பத்திரமாகச் சுமந்து வந்து மறுபடி மாட்டிய கடிதம் என்ன கடிதம் என்று அவளுக்கு இப்போது புரிந்தது.

"எங்கிட்டக்கூடச் சொல்லலையே" என்றாள் மெதுவாக.

"சொன்னா அந்தச் சோத்தை நீ சாப்பிட்டிருப்பியா?"

"நான் சாப்பிடறதா வேணாமான்னு நான் முடிவு பண்ணியிருப்பேன்."

இஸ்திரிக்காரம்மா அலமாரியைத் திறந்து விடுதியின் கணக்கு நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்து வந்தாள். மேஜையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எழுதுங்க. எங்கிட்டச் சொன்னதை அப்படியே வாரியத்துக்கு எழுதுங்க."

அவர் டீச்சரைப் பார்த்தார். விசாரணையில் உண்மையை மறைத்தவனின் பென்ஷனை நிறுத்த வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. இது இரண்டு பேருக்கும் தெரியும். அந்தப் பென்ஷனை விட்டால் அவர்களுக்கு வேறு நாதி இல்லை.

"எழுதுங்க" என்றாள் டீச்சர்.

அவர் எழுதினார். மாவுக்கட்டு இடித்ததால் சாய்ந்து உட்கார்ந்து எழுதினார், வெகு நேரம் ஆயிற்று. முடித்ததும் டீச்சர் வாங்கிப் படித்தாள். கண் ஒரு இடத்தில் நின்றது.

"டோக்கன் பலகைக்குப் போய்விட்டதுன்னு எழுதியிருக்கீங்க. டோக்கனுக்குக் காலா மொளைச்சுது? யாரு கொண்டு போனதுன்னு எழுதுங்க."

அடித்துவிட்டுத் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டார். இஸ்திரிக்காரம்மா அதை வாங்கி இரண்டு தரம் படித்தாள். பிறகு, யாரும் கேட்காமலே, சான்றிதழ் படிவத்தை இழுத்து வைத்து, இருபத்தொன்பது என்று நிரப்பி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

"உங்களுக்காகப் போடல" என்றாள். "எழுதினவன் செத்துட்டான்னா காயிதத்தை மூடி வச்சுடுவாங்க. கூப்பிட்டு விசாரிக்க ஆள் இருக்கணும். நீங்க உயிரோட இருக்கீங்க, நான் கண்ணால பாத்தேன். அதைத்தான் போட்டேன்."

"ரெண்டையும் ஒரே கவர்ல வையுங்க" என்றாள் டீச்சர். அவளே வைத்தாள், அவளே ஒட்டினாள். "தபாலாபீஸ் எப்ப மூடுவாங்க?"

"நாலு மணிக்கு மூடிடுவாங்க."

"டீச்சர்" என்றார் பம்ப்காரர் தாழ்ந்த குரலில். "நாளைக்குப் போகலாமே. இனிமே சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னு ஒரு தடவை யோசிச்சுட்டு..."

"இருபத்து மூணு வருஷம் சாப்பிட்டாச்சு" என்றாள் டீச்சர். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் கையில் கொடுத்தால் விடியும்வரைகூட அந்தக் கவர் தாங்காது என்று அவளுக்குத் தெரியும்.

அறையில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். அவரால் தானாக எழுந்து போகவும் முடியாது. இஸ்திரிக்காரம்மா கட்டில் ஓரத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"வால்வை மூடினப்புறம் குழிக்குள்ள யாரு எறங்கினது?"

"நான்தான். தண்ணியை வடிய விட்டுட்டு, மத்தவங்க வர்றதுக்கு முன்னாடியே எறங்கிட்டேன். குழாய் வாய்க்கு ஒரு கை தூரத்துலதான் இருந்தான். வந்துக்கிட்டே இருந்திருக்கான்."

"அவரைத் தொட்டீங்களா?"

"கையைப் பிடிச்சு இழுத்தேன்."

"எங்கிட்டக் கொண்டுவந்தப்ப மறுநாள் ஆயிடுச்சு. ஐஸ்ல வச்சிருந்தாங்க. கட்டை மாதிரி இருந்தாரு." அவள் நிறுத்தினாள். "நீங்க பிடிச்சப்ப கை சூடா இருந்துச்சா?"

பம்ப்காரர் அவளைப் பார்த்தார். இதை அவரிடம் ஒரு அதிகாரியும் கேட்டதில்லை. அவரும் தனக்குள் ஒருமுறைகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

"சூடாத்தான் இருந்துச்சு."

"எந்தக் கையால பிடிச்சீங்க?"

அவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். அவள் அதை எட்டி எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். மன்னித்துவிட்டாள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவள் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அவள் புருஷனைச் சூட்டோடு கடைசியாகத் தொட்டது அந்தக் கைதான். தபாலாபீஸ் போன டீச்சர் திரும்பி வந்து வாசலில் நிற்கும்வரை அவள் அதை விடவில்லை.